‘பிடிக்காது’ன்னு டிக் அடிக்கறதுக்கு முன்னாடி

வாசகர் கேள்வி – பதில்

சாப்பாட்டுல அடம் பிடிக்கற குழந்தைங்களைப் பத்தி எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன். வந்த கடிதத்துல பாதி "என் குழந்தைக்கு என்னதான் பிடிக்கும்னே புரியல"ங்குது, மீதி பாதி "என் குழந்தைக்கு இது இது பிடிக்காது"ன்னு அடிச்சு சொல்லுது. எனக்கு ரெண்டாவது கோஷ்டியைப் பார்த்தாதான் கவலையா இருக்கு. அவங்க எதை வெச்சு அளந்தாங்கன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. அதனால இந்தத் தடவை அளக்கற சமாச்சாரம் மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: பையனுக்கு ரெண்டரை வயசு, ப்ளேஸ்கூல்ல சேர்க்கப் போறோம். ஃபார்ம்ல ‘பிடிச்ச உணவு’, ‘பிடிக்காத உணவு’ன்னு ரெண்டு கட்டம் இருந்துச்சு. பிடிச்சதுல 5 எழுதினேன், பிடிக்காததுல 22 வந்துருச்சு. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு "முட்டையை நீ அவனுக்கு எப்பக் குடுத்த?"ன்னு கேட்டார். யோசிச்சுப் பார்த்தா குடுத்ததே இல்ல. எனக்கு முட்டை வாடை ஆகாது. நான் எழுதினது தப்பா?

பதில்: தப்பு உங்க மேல பாதி, ஃபார்ம் மேல பாதி. ரெண்டே கட்டம் குடுத்தா யாரா இருந்தாலும் எல்லாத்தையும் அந்த ரெண்டுக்குள்ளதான் திணிப்பாங்க. குறைஞ்சது நாலு கட்டம் வேணும்: பிடிக்கும், பரவால்ல, பிடிக்கல, இதுவரைக்கும் வாயில பட்டதே இல்ல. அந்த நாலாவது கட்டம் இல்லாத எந்த லிஸ்ட்டையும் நான் நம்பறதில்ல.

அமெரிக்காவுல ஸ்கின்னர்ங்கறவங்களோட குழு ஒரே குழந்தைங்களை 2-3 வயசுல, 4 வயசுல, 8 வயசுலன்னு விடாம தொடர்ந்து, அம்மாக்கள்கிட்ட லிஸ்ட் குடுத்து கேட்டு 2002ல முடிவை வெளியிட்டாங்க. அதுல உங்க வீட்டு முட்டைக் கதை அப்படியே இருக்கு, அம்மாவுக்குப் பிடிக்காதது பெரும்பாலும் குழந்தை தட்டுக்கே வர்றதில்ல. இன்னொண்ணும் தெரிஞ்சுது. புதுசா ஒண்ணு பிடிச்சுப் போறது 4 வயசுக்குள்ளதான் அதிகம் நடக்குது, 4லேர்ந்து 8 வரைக்கும் பெருசா மாறல. உங்களுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் கையில இருக்கு, முட்டையைச் சமைக்க வீட்டுக்காரரையே விடுங்க, கேள்வி கேட்டவர் அவர்தானே.

மீதி 21 ஐட்டத்துக்கு ஒரு வேலை செய்யுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "எத்தனை தடவை வாயில போச்சு"ன்னு நம்பர் போடுங்க. தட்டுல வெச்சது கணக்கு இல்ல, வாயில போனது மட்டும், துப்பினாலும் பரவால்ல அதையும் சேர்த்துக்கலாம். பெரும்பாலான வீட்ல 3லேர்ந்து 5 தடவை குடுத்துப் பார்த்துட்டு ‘இவனுக்கு ஆகாது’ன்னு முடிவு கட்டிடறாங்க, இது 2004ல வந்த ஒரு பெரிய சர்வேல பதிவானது. ஆனா 2007ல வந்த ஒரு ஆய்வுல, 7 மாசக் குழந்தைங்களோட அம்மாக்களே "இந்தக் காயை என் குழந்தை தொடாது"ன்னு சொன்ன மசியலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் 8 தடவை குடுத்தாங்க, கடைசியில நிறைய குழந்தைங்க அதைப் பிடிச்ச காய் அளவுக்கே சாப்பிட்டுச்சுங்க. பையன் இப்ப 7 மாசம் இல்ல, ரெண்டரை வயசுல புதுசுன்னாலே ஒரு பயம் வந்துடும், அதனால இன்னும் சில தடவை கூடுதலா ஆகலாம். உங்க லிஸ்ட்ல 8க்கு மேல நம்பர் எத்தனை ஐட்டத்துக்கு வருதுன்னு எண்ணிட்டு எனக்கு எழுதுங்க. நாலு கூட தேறாதுன்னு என் கணிப்பு.

கேள்வி: பேத்திக்கு ரெண்டு வயது. "கேரட் வேணுமா பட்டாணி வேணுமா" என்று கேட்டால் "பட்டாணி" என்கிறாள். பட்டாணியைப் போட்டால் தள்ளி விடுகிறாள். இந்த வயதிலேயே பொய் சொல்கிறாளா?

பதில்: பொய்யெல்லாம் இல்லைங்க ஐயா, நீங்க கடைசியா சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொல்றா, அவ்வளவுதான். நாளைக்கு "பட்டாணி வேணுமா கேரட் வேணுமா"ன்னு மாத்திக் கேட்டுப் பாருங்க, கேரட்னு வரும்.

இதை நிஜமாவே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 2019ல எமிலி சம்னரும் அவங்களோட சேர்ந்தவங்களும் 24 சின்னக் குழந்தைங்ககிட்ட இது மாதிரி ‘இதுவா அதுவா’ கேள்வி கேட்டாங்க. வாயால பதில் சொன்னப்ப நூத்துக்கு 85 தடவை ரெண்டாவதா சொன்னதையே சொல்லிச்சுங்க. அதே குழந்தைங்க கையைக் காட்டி பதில் சொன்னப்ப அந்தச் சாய்வு காணாமப் போயி கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி ஆயிடுச்சு. அதனால நீங்க கேக்கறதை விட்டுட்டு ரெண்டு சின்னக் கிண்ணத்தை முன்னாடி வையுங்க, எதை எடுக்கறான்னு பாருங்க, அப்புறம் இடது வலது மாத்தி இன்னொரு தடவை வையுங்க. சில குழந்தைங்க வலது கைப் பக்கம் இருக்கறதையே எடுக்கும், அதையும் கண்டுபிடிச்சுடலாம். ‘வேணுமா’ன்னு மட்டும் கேட்டாலும் இந்த வயசுல கணக்குல எடுக்க முடியாது, புரியாத கேள்விக்குக் கூட ஆமாம் போடற குழந்தைங்க இருக்கு, எல்லாத்துக்கும் வேணாம் சொல்ற குழந்தைங்களும் இருக்கு. என் அக்கா பொண்ணு ரெண்டு வயசுல "ஐஸ்க்ரீம் வேணுமா"ன்னாலும் "வேணாம்"னு சொல்லிட்டே கையை நீட்டுவா. நாங்க கையைத்தான் நம்பினோம்.

கேள்வி: நான் உணவு அறிவியல் முதுகலை படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்காக 3 வயசுக் குழந்தைங்க 20 பேருக்கு 6 விதமான காய்கறி சூப் குடுத்து, 5 ஸ்மைலி மூஞ்சி இருக்கற சார்ட்ல தொடச் சொன்னேன். 14 பேர் எல்லா சூப்புக்கும் சிரிக்கற மூஞ்சியையே தொட்டாங்க. அதுல ரெண்டு பேர் சூப்பைத் துப்பிட்டு சிரிக்கற மூஞ்சியைத் தொட்டாங்க. கைடு "டேட்டா தப்பு, திரும்பப் பண்ணு"ங்கறார். என்ன மாத்தணும் மேடம்?

பதில்: துப்பிட்டு சிரிக்கற மூஞ்சியைத் தொட்ட அந்த ரெண்டு பேரை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அவங்க உங்ககிட்ட சொன்னது "இந்தப் படம் அழகா இருக்கு"ன்னு. சூப்பைப் பத்தி அவங்க எதுவுமே சொல்லல, ஏன்னா நீங்க கேட்டது சூப்பைப் பத்தின்னு அவங்களுக்குத் தெரியாது. சோக மூஞ்சியைத் தொட்டா தப்பு, டீச்சர் கோச்சுக்குவாங்கன்னு நினைக்கறதும் உண்டு.

இந்த ஸ்கேல் எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்த்தா விஷயம் புரியும். ‘மிகவும் பிடிக்கும்’லேர்ந்து ‘மிகவும் பிடிக்காது’ வரைக்கும் போற 9 படி அளவுகோல், 1950கள் வாக்குல அமெரிக்க ராணுவத்து சிப்பாய்ங்களுக்கு என்ன சாப்பாடு பிடிக்குதுன்னு பார்க்க டேவிட் பெரியம்ங்கறவரும் கூட இருந்தவங்களும் உருவாக்கினது. வளர்ந்த ஆம்பளைக்குப் பண்ணினதை வார்த்தைக்குப் பதிலா மூஞ்சி போட்டு, படியைக் குறைச்சு குழந்தைக்குக் கொண்டு வந்தாங்க. 1996ல வந்த ஒரு ஆய்வு சொன்னது: 3 வயசுக்கு 3 மூஞ்சி, 4 வயசுக்கு 5 மூஞ்சி, 5 வயசுக்கு 7 மூஞ்சி வரைக்கும் தாங்கும். நீங்க 3 வயசுக்காரங்களுக்கு 5 குடுத்திருக்கீங்க, அங்கயே பாதி சறுக்கல்.

இப்ப எப்படிப் பண்ணலாம்னா, குழந்தைங்க சாப்பாட்டு விருப்பத்தை ஆராய்ஞ்ச லீயன் பர்ச் ப்ரீஸ்கூல் குழந்தைங்களோட பண்ணின முறைதான் இன்னிக்கும் எனக்குத் தெரிஞ்சதுல நல்லது. மூணே மூஞ்சி. ஒண்ணு நல்லா இருக்குன்னு சப்புக் கொட்டற மூஞ்சி, ஒண்ணு உவ்வேன்னு நாக்கை நீட்டற மூஞ்சி, நடுவுல சும்மா ஒண்ணு. ‘சந்தோஷம் – சோகம்’ வரையாதீங்க, சாப்பிடற மூஞ்சியா வரைங்க. முதல்ல ஒத்திகை வேணும், உங்களுக்கே பதில் தெரிஞ்ச ஐட்டத்தை வெச்சு, அதாவது எல்லாக் குழந்தையும் விரும்பற இனிப்பு ஒண்ணும், எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டும் குடுத்து எங்க வைக்கறான்னு பாருங்க. எலுமிச்சையையும் சப்புக் கொட்டற மூஞ்சி முன்னாடியே வெச்சா அவனுக்கு விளையாட்டு புரியல, அவனை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க, அது தோல்வி இல்ல. (சில குழந்தைங்களுக்குப் புளிப்பு உயிர்ங்கறதும் உண்மை, அதனால அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.)

புரிஞ்ச குழந்தை ஒவ்வொரு கிண்ணத்தையும் ஒரு வாய் ருசி பார்த்துட்டு ஏதாவது ஒரு மூஞ்சி முன்னாடி வைக்கும். அதோட நிறுத்தாதீங்க. ‘நல்லா இருக்கு’ பக்கம் மூணு கிண்ணம் சேர்ந்துட்டா, "இந்த மூணுல எது ரொம்ப நல்லா இருக்கு?"ன்னு கேட்டு அதை எடுத்து ஓரமா வெச்சுடுங்க. மிச்சம் ரெண்டுல எதுன்னு கேளுங்க. இப்படியே போனா ஆறு கிண்ணத்துக்கும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசை கிடைச்சுடும். மூஞ்சி சார்ட்ல பேதம் பார்க்கத் தெரியாத குழந்தை கூட எதிர்ல ரெண்டு கிண்ணம் இருந்தா பிரிச்சு சொல்லிடும். பேசவே கூச்சப்படற குழந்தைன்னா ரெண்டு பொம்மை வையுங்க, நல்லா இருந்தா இந்தப் பொம்மைக்குக் குடு, நல்லா இல்லன்னா அந்தச் சிடுமூஞ்சிப் பொம்மைக்குக் குடுன்னு சொன்னா போதும். அமெரிக்காவுல மோனல்னு ருசிக்கும் வாசனைக்கும்னே இருக்கற ஆய்வு மையத்துல இதே மாதிரி பொம்மை வெச்சுத்தான் பண்ணாங்க.

இன்னும் சில விஷயம். ஒரே நேரத்துல ஒரே குழந்தை, பக்கத்துல இன்னொண்ணு இருக்கக் கூடாது. பர்ச் 1980ல ஒரு வேலை பண்ணாங்க, ஒரு காய் பிடிச்ச குழந்தையை வேற காய் பிடிச்ச குழந்தைங்களோட மேஜையில உக்கார வெச்சாங்க, நாலு நாளுக்குள்ள இவன் தேர்வு அவங்க பக்கம் சாய்ஞ்சுடுச்சு. நீங்க 20 பேரையும் ஒரே ரூம்ல வெச்சுப் பண்ணியிருந்தா 14 பேர் ஏன் ஒரே மூஞ்சியைத் தொட்டாங்கன்னு ஆச்சரியப்படவே வேணாம். இனிப்பா இருக்கற சூப்பை முதல்ல குடுக்காதீங்க, அடுத்தது எல்லாம் மட்டமாத் தெரியும், வரிசையை ஒவ்வொரு குழந்தைக்கும் கலைச்சுப் போடுங்க. நடுவுல தண்ணி. எல்லா சூப்பும் ஒரே சூடு. சாப்பாடு முடிஞ்சு எத்தனை நேரம்ங்கறது எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். அப்புறம் ஒரு சின்னத் தந்திரம், ஆறு கிண்ணத்துல ரெண்டுல ஒரே சூப்பை ஊத்தி வையுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வரிசைப்படுத்தற குழந்தையை நம்பலாம். ஒண்ணு முதல் இடம், இன்னொண்ணு கடைசி இடம்னு வந்தா அவன் கிண்ணத்தோட கலரைப் பார்த்துட்டு இருக்கான்னு அர்த்தம்.

பழைய டேட்டாவைத் தூக்கிப் போடாதீங்க, ப்ராஜெக்ட்ல ஒரு பக்கம் அதைப் பத்தியே எழுதலாம். கைடு கோச்சுக்கிட்டா இந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 20 மாசம். ஆறு வாரமா கிச்சன் தராசுல அவ தட்டை சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டு எக்ஸெல்ல ஏத்திட்டு வர்றேன். பீன்ஸ் மசியல் திங்கக்கிழமை 60 கிராம், புதன்கிழமை 8 கிராம், வெள்ளிக்கிழமை 45. இதுல எப்படி ட்ரெண்ட் பார்க்கறது? மனைவி என்னைக் கிண்டல் பண்றா.

பதில்: மனைவி பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கு சார், ஆனா முறை என்னவோ நல்ல முறைதான், ஆராய்ச்சிக்காரங்களும் இப்படித்தான் எடை போடறாங்க. அவங்க கூடுதலா ஒண்ணு பண்ணுவாங்க, தரையில விழுந்தது, பிப்ல ஒட்டினது, தலைமுடியில அப்பினது எல்லாத்தையும் வழிச்சு எடுத்து அதையும் எடை போட்டுக் கழிப்பாங்க. உங்க 60 கிராம்ல எத்தனை கிராம் சுவத்துல இருந்துச்சு?

கிராம் சொல்றது எவ்வளவு உள்ள போச்சுன்னு மட்டும்தான். புதன்கிழமை சாயங்காலம் பால் குடிச்சிருப்பா, பல்லு முளைச்சிருக்கும், தூக்கம் வந்திருக்கும். ஒரே ஐட்டத்தைத் தொடர்ந்து ரெண்டு வேளை குடுத்தா அது மேல இருக்கற ஆசை தற்காலிகமா குறையறதும் எல்லா வயசுலயும் நடக்கறதுதான். அதனால பீன்ஸை மட்டும் தனியா எடை போடாம, அதே வேளையில அவளுக்கு நல்லாப் பழகின இன்னொரு மசியலையும் எடை போடுங்க. ரெண்டும் சேர்ந்து விழுந்தா பசி இல்லன்னு அர்த்தம், பீன்ஸ் மட்டும் விழுந்தா பீன்ஸைப் பத்தி யோசிக்கலாம்.

அவ மூஞ்சியையும் எழுதி வையுங்க, ஆனா எக்ஸெல்ல தனிக் கட்டத்துல. ஏன் தனின்னா, 2007ல ஃபாரஸ்டெல்லும் ஜூலி மெனெல்லாவும் கைக்குழந்தைங்களுக்கு 8 நாள் பீன்ஸ் குடுத்தாங்க, ஒரு குரூப்புக்கு பீன்ஸ் மட்டும், இன்னொரு குரூப்புக்கு பீன்ஸ் முடிஞ்சதும் பீச் பழம். ரெண்டு குரூப்பும் எட்டு நாள்ல பீன்ஸைக் கூடுதலா சாப்பிட ஆரம்பிச்சுதுங்க. ஆனா மூஞ்சி சுளிக்கறது குறைஞ்சது பழம் கிடைச்ச குரூப்புல மட்டும்தான். அப்படின்னா மத்ததுங்க மூஞ்சியை அஷ்டகோணலா வெச்சுக்கிட்டே சாப்பிட்டிருக்குங்க! மூஞ்சியை மட்டும் பார்க்கற அப்பா ரெண்டாவது நாளே நிறுத்தியிருப்பார், கிராம் மட்டும் பார்க்கற அப்பா "இவளுக்கு ரொம்பப் பிடிக்குது"ன்னு எழுதியிருப்பார். ரெண்டு பேருக்கும் பாதி உண்மைதான் கையில. கசப்புக்கு மூஞ்சி சுளிக்கறது பொறந்து சில மணி நேரத்துலயே வர்ற விஷயம், 1970கள்ல ஸ்டைனர்ங்கற ஆய்வாளர் படம் பிடிச்சே காட்டியிருக்கார், அது பிறவியில வந்தது, அதை வெச்சு தீர்ப்பு எழுதக் கூடாது.

கடைசியா, தராசை அவ கண்ணுல படாத இடத்துல வையுங்க. "இன்னும் ரெண்டு வாய், அப்பா கணக்கு எழுதணும்"னு எப்பவாவது சொல்லியிருந்தீங்கன்னா அந்த நாள் டேட்டாவை அழிச்சுடுங்க. 2006ல வந்த ஒரு சூப் ஆய்வுல, "முடிச்சுடு"ன்னு விரட்டப்பட்டப்ப குழந்தைங்க குறைவா சாப்பிட்டு, சூப்பைப் பத்தி மோசமான கமெண்ட்டும் அதிகமா அடிச்சாங்க. அங்க நீங்க அளக்கறது பீன்ஸை இல்ல, உங்களைத்தான்.

கேள்வி: எங்களுக்கு இரட்டைப் பசங்க, 4 வயசு. ஒருத்தன் எதைப் போட்டாலும் சாப்பிடுவான், இன்னொருத்தன் எதையும் தொட மாட்டான். மாமியார் "நீ ஒருத்தனுக்கு செல்லம் குடுத்துட்ட"ங்கறாங்க.

பதில்: மாமியார்கிட்ட இதை வாசிச்சுக் காட்டுங்க. 2006ல லண்டன்ல ஜேன் வார்டில் குழு 4, 5 வயசு இரட்டையர்களை வெச்சு, விருப்பு வெறுப்புல குழந்தைக்குக் குழந்தை இருக்கற வித்தியாசத்துல பிறவி எவ்வளவுன்னு கணக்குப் போட்டாங்க. இறைச்சி, மீன் மாதிரி புரதச் சாப்பாட்டுக்கு 78 சதவீதம், பழத்துக்கு 51, காய்க்கு 37, இனிப்புப் பண்டத்துக்கு 20. உங்க பசங்க உருவத்துலயும் வேற வேறயா இருந்தா அண்ணன் தம்பி மாதிரிதான், நாக்கும் வேற வேறயா இருக்கும். காய்க்கு 37ன்னா மிச்சம் பழக்கத்துக்கு நிறைய இடம் இருக்கு, அதனால தொடாதவனுக்கும் போட்டுட்டே இருங்க, ஆனா "பாரு உன் தம்பி எப்படி சாப்பிடறான்"ங்கறதை நிறுத்துங்க.

கேள்வி: "கேரட் சாப்பிட்டா கார்ட்டூன்" டீல் போட்டேன், ரெண்டு வாரமா தட்டு காலி. அப்ப கேரட் பிடிச்சுப் போச்சுன்னு எடுத்துக்கலாமா?

பதில்: கார்ட்டூன் பிடிச்சிருக்குன்னு எடுத்துக்கலாம். ஒரு வாரம் டீலை நிறுத்திட்டு கேரட்டை சும்மா வெச்சுப் பாருங்க, அப்ப தெரியும். இப்படி லஞ்சம் குடுத்து ஒரு பானத்தைக் குடிக்க வெச்ச பர்ச்சோட 1984 ஆய்வுல, முன்னாடி இருந்த விருப்பமும் இறங்கிடுச்சு, வெறும் பாராட்டைக் குடுத்தப்பக் கூட.

கேள்வி: மகளுக்கு 5 வயசு, மொத்தமே 9 ஐட்டம்தான் சாப்பிடறா. போன வருஷம் 14 இருந்துச்சு. புதுசா எதையாவது பார்த்தாலே குமட்டுது. எடையும் ஏறல. 8 தடவை, 10 தடவை குடுத்துப் பாருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க.

பதில்: உங்களுக்கு அந்த அட்வைஸ் வேணாம்மா. லிஸ்ட் சுருங்கிட்டே போறது, எடை நிக்கறது, பார்த்தாலே குமட்டறது, இந்த மூணும் சேர்ந்தா இது சாதாரண அடம் இல்ல, ஏ.ஆர்.எஃப்.ஐ.டின்னு (சாப்பாட்டைத் தவிர்க்கற, ரொம்பக் குறுக்கிக்கற கோளாறு) 2013லேர்ந்து அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டுல பேரே இருக்கற ஒரு பிரச்சினையா இருக்கலாம், விழுங்கறதுல கோளாறோ அலர்ஜியோ கூட இருக்கலாம். வாய் அரிக்குதுன்னு சொல்லத் தெரியாம "பிடிக்கல"ன்னு சொல்ற குழந்தைங்களைப் பார்த்திருக்கேன். குழந்தைங்க டாக்டரை இந்த வாரமே பாருங்க. அந்த 9 ஐட்டத்தையும், போன வருஷம் இருந்து விட்டுப்போன 5 ஐட்டத்தையும் தேதியோட எழுதி எடுத்துட்டுப் போங்க, அந்தப் பேப்பர் டாக்டருக்கு ரொம்ப உபயோகப்படும்.

கேள்வி: எனக்கு 8 வயசு. எனக்கு பட்டாணி பிடிக்காது. நான் நிறைய தடவை சாப்பிட்டுப் பார்த்துட்டேன். அம்மா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க. (அம்மா இந்தப் பக்கத்தைப் படிப்பாங்க.)

பதில்: கண்ணா, நான் நம்பறேன். ரெண்டு வயசுக்காரங்க சொன்னா கையைப் பார்ப்பேன், 8 வயசுக்காரன் சொன்னா சொன்னதையே எடுத்துக்குவேன். அம்மா, கேட்டுக்கங்க.

ஆனா எனக்கு இன்னும் ஒண்ணு தெரியணும். உனக்குப் பிடிக்காதது பட்டாணியோட ருசியா, கடிச்சா தோல் படக்குன்னு வெடிக்குதே அதா, இல்ல சாதத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு வருதே அதா? மூணையும் தனித்தனியா யோசிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு மூஞ்சி வரைஞ்சு அனுப்பு. அடுத்த இதழ்ல உன் படத்தைப் போடறேன்.